சாய்தளம் வேண்டுமா? எஸ்டிமேட் போடும் முன்பே போய்க் கேளுங்கள்

எங்கள் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் வந்தது. வாசலில் சாய்தளமும் இருந்தது. திறந்த மூன்றாம் நாள், சிறுவயதில் போலியோ வந்து கால் விளங்காமல் போன ஓர் அக்கா சக்கர நாற்காலியில் வந்தார். பாதி ஏறியதும் நாற்காலி பின்னால் உருண்டது. வரிசையில் நின்றவர்கள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். நான் டேப் வாங்கி அளந்தேன். வாசல் உயரம் இரண்டே கால் அடி, சாய்தளத்தின் நீளம் எட்டு அடி. பொறியாளரிடம் கேட்டதற்கு, "ராம்ப் கேட்டீங்க, போட்டாச்சே" என்றார். முடிந்த வேலையை அளந்து எழுதும் ஏடான எம்-புக்கில் ஏற்றி, பில்லும் பாஸாகி இருந்தது. அந்த அக்கா இன்றும் வாசலில் காத்திருந்து, யாராவது உள்ளே மனுவை எடுத்துப் போனால்தான் அவர் வேலை நடக்கிறது.

அதிலிருந்து என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கட்டடம் காகிதத்தில் இருக்கும்போதே கேளுங்கள். கான்கிரீட் போட்டபின் கேட்டால், "அடுத்த நிதி வரட்டும்" என்பார்கள். அது வராது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 44: அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி கிடையாது, விதிப்படி கட்டாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றும் கிடையாது, அதில் குடிபோகவும் கூடாது. பள்ளிக் கட்டடம் என்றால் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் அட்டவணையும் கூடவே வரும். தடையற்ற நுழைவு, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர் எல்லாம் அதில் உண்டு. பொதுக் கட்டடங்களில் தாய்மார்கள் பாலூட்டவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அறை வேண்டும், புதுக் கட்டடமானால் திட்டமிடும்போதே இடம் ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது. மனுவில் எழுத இவ்வளவு போதும்.

இனி அலுவலகத்தில் உங்களுக்கு என்ன நடக்கும் என்பதற்கு வருகிறேன்.

முதல் கேள்வி, "உங்ககிட்ட கார்டு இருக்கா? எத்தனை பர்சன்ட்?" இங்கேயே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறைபாடு 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற கணக்கு வேலை ஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்கு. ஒரு பொதுக் கட்டடத்துக்குள் நுழைய அந்தக் கணக்கு கிடையாது. கேட்கிறவர் மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. முட்டிவலிக்காரப் பாட்டி கேட்கலாம், நிறைமாத கர்ப்பிணி கேட்கலாம், பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அப்பா கேட்கலாம். கார்டு கேட்டால், "இது உதவித்தொகை மனு இல்லைங்க, கட்டடம் பற்றிய மனு" என்று சொல்லி நீட்டுங்கள்.

இரண்டாவது, "இது எங்க கட்டடம் இல்லை." தலைமையாசிரியர் ஒன்றிய அலுவலகத்தைக் காட்டுவார். பி.டி.ஓ. அலுவலகம் கல்வித் துறையைக் காட்டும். கல்வித் துறை பொதுப்பணித் துறையைக் காட்டும். அங்கே உள்ள உதவிப் பொறியாளர், "மாதிரி வரைபடம் மேலிருந்து வருது, நான் ஒரு கோடு மாத்த முடியாது" என்பார். இப்படி ஒரு அம்மாவை ஐந்து மாதம் அலையவிட்டார்கள். ஆறாம் மாதம் கூரை போட்டுவிட்டார்கள். இதற்கு ஒரே வழி, பணி நடக்கும் இடத்தில் நட்டிருக்கும் பலகையைப் போட்டோ எடுப்பது. எந்தத் திட்டம், எவ்வளவு தொகை, எந்தத் துறை, யார் ஒப்பந்ததாரர் என்று அதில் இருக்கும். பலகையே இல்லை என்றால் அதையும் மனுவில் எழுதுங்கள்.

மூன்றாவது, "அதெல்லாம் வழிகாட்டுதல்தாம்மா, கட்டாயம் இல்லை." இதற்கு 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. 2016 சட்டம் கட்டாயம் என்கிறபோது, அதன்கீழ் வந்த 2017 விதிகளின் 15ஆம் விதி அதை வெறும் பரிந்துரையாக்குவது சட்டத்துக்கு முரண் என்றது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. வழக்கின் பெயரையும் தேதியையும் மனுவில் ஒரு வரி சேர்த்தால் எதிரில் இருப்பவரின் குரல் கொஞ்சம் இறங்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

நான்காவது, "இங்க யாருங்க வீல்சேர்ல வர்றாங்க?" இதற்கு நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். ஏற முடியாத வாசலுக்கு யார் வருவார்கள்? இதே பள்ளி வாக்குச்சாவடி ஆகும்போது மட்டும் எங்கிருந்தோ ஒரு மரப்பலகைச் சாய்தளம் வந்துவிடுகிறது. ஓட்டுப் போட ஒரு நாள் வருகிறவருக்குக் கிடைப்பது, தினமும் வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைக்காது.

சரி, எதைக் கேட்பது? "மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி செய்து தர வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எட்டு அடிச் சாய்தளம் அப்படித்தான் பிறந்தது. அளவைப் போட்டு எழுதுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டே கால் அடி வாசலுக்கு 27 அடி வேண்டும், நடுவில் திரும்பிப் போனாலும் சரி. இருபுறமும் கைப்பிடி. தரையில் வழுவழு டைல்ஸ் கூடாது. மழையில் அது சறுக்குமரம். சாய்தளம் முடியும் இடத்தில் நிலைப்படி துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. கதவு விரிந்தால் 900 மில்லிமீட்டர் வழி கிடைக்க வேண்டும்.

அதற்கடுத்து கழிப்பறை, பெரும்பாலும் எல்லாம் கெட்டுப்போகிற இடம். அலுவலகம் வரை சாய்தளம் போட்டு, கழிப்பறையைப் பின்பக்கம் இரண்டு படி ஏற்றி வைப்பார்கள். கதவு உள்பக்கம் திறந்தால் சக்கர நாற்காலி உள்ளே திரும்பாது. வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று எழுதுங்கள். பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள், விளக்கு, தண்ணீர்க் குழாய், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி ஆகிய நான்கும் எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏட்டில் "கழிப்பறை 1" என்றிருக்கும், தண்ணீர் இணைப்பு இருக்காது. கழிப்பறை போகப் பயந்து, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடமென்றால் கைகழுவும் குழாயின் உயரத்தையும் செப்டிக் டேங்க் மூடியையும் கேளுங்கள். மூடி கான்கிரீட்டில் இருக்க வேண்டும், பிள்ளைகளால் தூக்க முடியாததாக இருக்க வேண்டும். வகுப்பு நடக்கும் வளாகத்திலேயே வேலை நடந்தால் தகர அடைப்பு வேண்டும் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் மதிய இடைவேளையில் கண்ணாமூச்சி நடக்கிறது.

எங்கே கேட்பது என்றால், கிராமசபையில் கேட்பதுதான் வலு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பேசினால் மட்டும் போதாது. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் வரியை எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடுங்கள். காலிப் பக்கத்தில் போட்ட கையெழுத்துக்கு மேலே என்ன வேண்டுமானாலும் வரும். பள்ளிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அம்மாக்களைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டு டீ கொடுத்து அனுப்பும் பள்ளிகள் உண்டு. கட்டட வேலை பேசும் நாளில் டீ ஆறினாலும் பரவாயில்லை, வரைபடத்தைக் கேளுங்கள்.

வரைபடம் காட்ட மாட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் சாய்தளம் இல்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஒப்புதல் பெற்ற வரைபடம், மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் பக்கங்கள் ஆகியவற்றின் நகல் என்று கேளுங்கள். அந்தச் சட்டத்தின் பிரிவு 2(j)-இல் பணியை நேரில் பார்வையிடும் உரிமையும் இருக்கிறது. இதை யாரும் பயன்படுத்துவதில்லை. டேப்போடு போய் நிற்பதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. பதிலுக்கு 30 நாள். "எங்கள் துறை இல்லை" என்று மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது. உரிய துறைக்கு 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனுவை நம்பி மட்டும் இருக்காதீர்கள். அது சுற்றிச் சுற்றி, நீங்கள் யார்மேல் புகார் சொன்னீர்களோ அவர் மேசைக்கே வந்து, "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று முடியும். மனு ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள், அடுத்த படிக்கு அது வேண்டும்.

அடுத்த படி மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். சாட்சியை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் என்ன செய்தது என்று பதில் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மீறினால் அதன் பிரிவு 89-இல் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. புகாரோடு இரண்டு போட்டோ வையுங்கள்: ஒன்று டேப்பின் எண் தெரியும்படி உயரம், இன்னொன்று நீளம். கண்ணீர்க் கதை எழுதிய பக்கங்களை விட அந்த இரண்டு போட்டோ வேகமாக வேலை செய்யும்.

"இது பழைய கட்டடம், அந்தச் சட்டம் பொருந்தாது" என்று எங்காவது சொன்னால் பிரிவு 45-ஐக் காட்டுங்கள். இருக்கிற பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்கிறது அது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. எல்லாம் சரியாகக் கட்டி முடித்த இடத்திலும் மாற்றுத்திறனாளிகள் கழிப்பறைக்குப் பூட்டு தொங்கும். உள்ளே பழைய நாற்காலியும் தேர்தல் பெட்டியும் கிடக்கும். சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன் சாப்பிடப் போயிருப்பார். திறப்பு விழா அன்றே போய், சாவி யாரிடம் என்று கேட்டு வையுங்கள்.