லாபம் கட்டுக்குள் இருக்கும்போதே விலை ஏறுவது எப்படி?

கட்டண உயர்வு கேட்டு, கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்திடம் நிறுவனங்கள் போடும் மனுக்களை நுகர்வோர் தரப்புக்காகப் படித்து, கணக்கைச் சரிபார்த்து, ஆட்சேபனை எழுதிக் கொடுப்பது என் தொழில். மின்சாரக் கம்பி, குடிநீர்க் குழாய், எரிவாயுக் குழாய் என்று ஒரே ஒரு நிறுவனம் மட்டும் விற்கக்கூடிய சேவைகள்தான் என்னிடம் வரும். இந்த மனுக்கள் மீதான கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு மக்கள் கோபத்தோடு வருகிறார்கள், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மைக் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் சொல்வது ஒன்றுதான்: கொள்ளை லாபம் அடிக்கிறார்கள். உடனே நிறுவனத்தின் வக்கீல் எழுந்து, எங்கள் லாப விகிதத்தை நிர்ணயித்ததே ஆணையம்தான், அதற்கு மேல் நாங்கள் எதுவும் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் சொல்வது அனேகமாக உண்மையாகவே இருக்கும் என்பதுதான் பிரச்சினை. லாப விகிதம் இம்மி பிசகாமல் இருக்கும்போதே விலையை எக்கச்சக்கமாக ஏற்றிவிட முடியும், அது எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் கூட்டத்துக்குப் போவதில் பயனில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சேவையை வாங்கக்கூடியவர்கள் 100 பேர். விலை ஒன்று கூடும்போதெல்லாம் ஒருவர் விலகிக்கொள்வார், அதாவது விலை 20 என்றால் 80 பேர் வாங்குவார்கள், 60 என்றால் 40 பேர்தான். கூடுதலாக ஒருவருக்குச் சேவை தர நிறுவனத்துக்கு ஆகும் செலவு 20. தட்டிக் கேட்க ஆளும் இல்லை, போட்டியும் இல்லை என்றால் நிறுவனம் எந்த விலையை வைக்கும்? ஒவ்வொரு விலையாகப் போட்டுப் பாருங்கள், 60-இல்தான் அதிகம் மிஞ்சும்: 40 பேர், ஆளுக்கு 40, மொத்தம் 1600. வாங்கியவர்கள் பையிலிருந்து நிறுவனத்தின் பைக்குப் போன பணம் அது. அதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் 20-க்குக் கிடைத்திருந்தால் வாங்கியிருப்பார்களே இன்னொரு 40 பேர், அவர்கள் வாங்காமலே திரும்பிப் போனார்கள், அதனால் அவர்கள் இழந்த பயன் சுமார் 800. இந்த 800 நிறுவனத்துக்கும் கிடைக்கவில்லை. யாருக்குமே கிடைக்காமல் போய்விட்டது. பில் கட்டியவர் புகார் கொடுப்பார், நீதிமன்றம் போவார். இணைப்பே வாங்காதவர் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்.

1954-இல் ஆர்னால்டு ஹார்பெர்கர் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்கத் தொழில்துறைக்கு இந்த இரண்டாவது வகை இழப்பை, அதாவது யாருக்குமே கிடைக்காமல் போன 800 போன்றதை, மட்டும் கணக்கிட்டார். தேசிய வருமானத்தில் 0.1 சதவீதம் அளவுக்குத்தான் வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை கூச்சல் என்று பலர் நினைத்தார்கள். 1967-இல் கார்டன் டல்லாக் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் வேறு கோணத்திலிருந்து கேட்டார்: அந்த 1600-ஐக் கைப்பற்றவும், கைப்பற்றியதை விடாமல் பிடித்துக்கொள்ளவும் நிறுவனங்கள் செலவழிக்கிறார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நான் டல்லாக் பக்கம். கட்டண உயர்வுக்காக வாதாட வக்கீலுக்கும் ஆலோசகருக்கும் கொடுத்த தொகையைச் செலவுத் தலைப்பில் சேர்த்து, அதையும் கட்டணத்திலேயே வசூலிக்கக் கேட்கும் மனுக்கள் என் மேசைக்கு வருகின்றன. ஆட்சேபனை எழுதும் செலவு நுகர்வோருடையது, அதை எதிர்த்து வாதாடும் செலவும் நுகர்வோருடையதுதான்.

சரி, விலையை 20 என்று உத்தரவு போட்டுவிடலாமே? முடியாது. குழாய் பதித்த கடன், நீரேற்று நிலையம், பராமரிப்பு ஆட்கள் என்று எத்தனை பேர் வாங்கினாலும் மாறாத செலவு ஒன்று இருக்கிறது. 20-க்கு விற்றால் அந்தப் பணம் எங்கிருந்தும் வராது, கொஞ்ச நாளில் குழாய் ஒழுகும், அப்புறம் சேவையே நிற்கும். விலையைக் குறை என்று மட்டும் கேட்பவர்கள் இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். முதலீட்டுக்கு நியாயமான வருவாயையும் சேர்த்து அந்த நிலையான செலவு 700 என்று வைத்துக்கொள்வோம். அப்போது விலை 30 வைத்தால் 70 பேர் வாங்குவார்கள், ஆளுக்கு 10 வீதம் 700 வந்துவிடும். 60 கேட்ட இடத்தில் 30, அதுவும் நிறுவனம் நஷ்டப்படாமல். ஆணையத்தின் வேலை இந்த 30-ஐக் கண்டுபிடிப்பதுதான்.

இப்போது நிறுவனம் தன் நிலையான செலவு 700 இல்லை, 1500 என்று கணக்குக் கொடுக்கிறது. ஆணையமும் ஏற்றுக்கொள்கிறது. அதே சூத்திரப்படி விலை 50 ஆகிவிடும்: 50 பேர், ஆளுக்கு 30, மொத்தம் 1500. லாப விகிதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. வக்கீல் சொன்னது சத்தியம். ஆனால் விலை 30-இலிருந்து 50-க்குப் போய்விட்டது, 20 பேர் காணாமல் போய்விட்டார்கள். ஏகபோக விலையான 60-க்குப் பக்கத்தில், ஆணையத்தின் முத்திரையோடு, போய் நிற்கிறோம்.

நிறுவனம் ஏன் செலவை ஏற்றிக் காட்ட வேண்டும், செலவு கூடினால் அதற்குத்தானே நஷ்டம் என்று கேட்கலாம். போட்டி உள்ள இடத்தில் அப்படித்தான். இங்கே வருவாய் என்பது சொத்து மதிப்பின் மேல் இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. நிறுவனம் 8 சதவீதத்துக்குக் கடன் வாங்க முடிகிறது, ஆணையம் 10 சதவீதம் அனுமதிக்கிறது என்றால், போடும் ஒவ்வொரு நூறுக்கும் ஆண்டுக்கு 2 சும்மா கிடைக்கிறது. அப்புறம் யார்தான் சிக்கனம் பார்ப்பார்கள்? பொருளாதார அறிஞர்கள் ஹார்வி ஆவர்ச்சும் லேலண்ட் ஜான்சனும் 1962-இலேயே இதைக் கணித ரீதியாகக் காட்டிவிட்டார்கள். நடைமுறையில் இது எப்படித் தெரியும் என்றால், பழுதான ஒரு பம்பைச் சரிசெய்தால் அது செலவு, ஆன தொகை மட்டும் திரும்ப வரும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதையே தூக்கிப் போட்டுப் புதிது வாங்கினால் அது சொத்து, அதன் ஆயுள் முழுக்க தேய்மானமும் (ஆண்டுதோறும் தேய்ந்த மதிப்புக்கான தொகை) வருவாயும் கட்டணத்தில் வந்துகொண்டே இருக்கும். ரிப்பேர் செய்யக்கூடிய பம்பு மாற்றப்படுவதற்குப் பின்னால் திருட்டு எதுவும் இருக்க வேண்டியதில்லை. விதியே அந்தப் பக்கம் தள்ளுகிறது.

அதனால் ஒரு மனு வந்தால் முகப்புப் பக்கத்தில் உள்ள உயர்வு சதவீதத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். நேராகப் பின்னிணைப்பில் இருக்கும் சொத்துப் பட்டியலுக்குப் போவேன். எந்த ஆண்டில் வாங்கியது, எவ்வளவுக்கு, இதுவரை எவ்வளவு தேய்ந்தது, இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா. அலுப்பூட்டும் பக்கங்கள், எழுத்தும் பொடியாக இருக்கும், ஆனால் பணம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒரு நீரேற்று நிலையத்தின் பெயருக்கு எதிரே புதிய மோட்டார்கள் ஒரு வரியில் இருந்தன. அவை எந்த மோட்டார்களுக்குப் பதிலாக வந்தனவோ, அந்தப் பழைய மோட்டார்களும் நான்கு பக்கம் தள்ளி இன்னொரு வரியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன, இரண்டுக்கும் தேய்மானம், இரண்டுக்கும் வருவாய். எழுதிக் கேட்டதும், பட்டியல் புதுப்பிக்கப்படவில்லை என்று பதில் வந்து பழைய வரி நீக்கப்பட்டது. கேட்காமல் இருந்திருந்தால் அந்த மோட்டார்களுக்கு எல்லோரும் இன்னமும் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு இடம், கட்டி முடிக்காத பணிகள். நாளைக்குப் பயன்படப்போகும் ஒரு நிலையத்துக்கு இன்றைக்கே வருவாய் கேட்பார்கள். பயன்பாட்டில் உள்ள, பயன்தரும் சொத்துக்கு மட்டுமே வருவாய் என்பது பழைய கொள்கை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், பாதியில் கைவிடப்பட்ட அணு உலைகளுக்குச் செலவான தொகையை மின் கட்டணத்தில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது, 1989-இல் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. முதலீடு செய்தவரின் நியாயமும் அந்த வழக்கில் சின்னதில்லை. ஆனால் எரியாத உலைக்கு நுகர்வோர் எதற்காகக் கட்ட வேண்டும் என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதைவிட எனக்குக் கோபம் வருவது இணைப்புக் கட்டண விஷயத்தில்தான். புதிய இணைப்பு வாங்கும்போது கம்பிக்கும் குழாய்க்கும் மீட்டருக்கும் நாமே பணம் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் வாங்கிய பொருள் நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் ஏறுகிறது. நுகர்வோர் பங்களிப்பு, அரசு மானியம் இரண்டையும் கழித்துவிட்டுத்தான் வருவாய் கணக்கிட வேண்டும். கழிக்காமல் விட்டால் நம் பணத்துக்கு நாமே வட்டி கட்டுகிறோம் என்று அர்த்தம். இந்த ஒரு வரியை எல்லா மனுவிலும் தேடிப் பாருங்கள்.

அப்புறம் உறவுக்காரக் கம்பெனிகள். கட்டணக் கட்டுப்பாடு உள்ள நிறுவனம், கட்டுப்பாடே இல்லாத தன் சகோதர நிறுவனத்திடமிருந்து அதிக விலைக்குக் கருவிகள் வாங்கினால், லாபம் அங்கே போய்ச் சேரும், இங்கே அது வெறும் செலவு. அமெரிக்கத் தொலைபேசியை ஆண்ட ஏடி அண்ட் டி தன் கருவிகளைத் தன்னுடைய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கிடமிருந்தே வாங்கியது. அதைப் பிரிக்கச் சொல்லி அரசு 1949-இல் போட்ட வழக்கு, பிரிக்காமலே 1956-இல் சமரசத்தில் முடிந்தது. வேறொரு வழக்கின் விளைவாகத்தான் 1984-இல் அந்தப் பேரரசு உடைந்தது. அதற்கு முன்பே, 1968-இல், கார்ட்டர்ஃபோன் என்ற கருவி பற்றிய வழக்கில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு முக்கியமான முடிவை எடுத்திருந்தது: வலைப்பின்னலுக்குக் கெடுதல் இல்லாதவரை, வெளி ஆள் தயாரித்த கருவியையும் அந்தக் கம்பியில் மாட்டலாம். கம்பி ஏகபோகமாக இருக்கலாம், தொலைபேசிக் கருவி இருக்க வேண்டிய அவசியமில்லை. எந்த மனுவைப் பார்த்தாலும், இதில் எந்தப் பகுதி உண்மையிலேயே ஒருவரால் மட்டும்தான் செய்ய முடியும் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

கட்டுப்பாடே ஏகபோகத்துக்குக் காவலாக மாறுவதும் உண்டு. அமெரிக்க விமானக் கட்டணங்களையும் வழித்தடங்களையும் 1938 முதல் ஒரு வாரியம் நிர்ணயித்து வந்தது. பெரிய வழித்தடங்களில் புதியவர்கள் நுழைவதை அது பல பத்தாண்டுகள் தடுத்து வைத்தது. 1978-இல் சட்டம் மாறியது, 1985-இல் வாரியமே மூடப்பட்டது. எனவே ஆணையம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

செலவைக் கேட்காமல் விலைக்கு மட்டும் உச்சவரம்பு வைக்கும் முறையும் இருக்கிறது. 1983-இல் பொருளாதார அறிஞர் ஸ்டீஃபன் லிட்டில்சைல்டு, பிரிட்டனின் தொலைபேசி நிறுவனமான பிரிட்டிஷ் டெலிகாமுக்காகப் பரிந்துரைத்தது: பணவீக்கத்திலிருந்து ஒரு எண்ணைக் கழித்து, அவ்வளவுதான் கட்டணம் ஏறலாம். தொடக்கத்தில் அந்த எண் 3. சிக்கனம் செய்தால் மிச்சம் நிறுவனத்துக்கே. வீண் முதலீட்டு ஆசையை இது நன்றாகவே அடக்குகிறது. ஆனால் மிச்சப்படுத்த எளிதான வழி பழுது பார்க்கும் ஆட்களைக் குறைப்பது, எனவே இந்த முறை உள்ள இடத்தில் சொத்துப் பட்டியலை விட, புகார் கொடுத்து எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்தார் என்ற பதிவேட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும். தரம் குறைவது எப்போதும் செலவை மிச்சப்படுத்துவதற்காகத்தான் என்றும் நினைக்காதீர்கள். ஜூல் துப்பூய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1849-இலேயே எழுதினார்: மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிக்குக் கூரை போடாததற்குக் காரணம் கூரையின் செலவு இல்லை, இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதே.

கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசுவதை விட, கடைசித் தேதிக்கு முன் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது வலுவானது. பின்னிணைப்பு எண், பக்க எண், வரிசை எண் மூன்றையும் குறிப்பிட்டு, இந்தச் சொத்து இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா, இதில் நுகர்வோர் பங்களிப்பு எவ்வளவு என்று கேளுங்கள். பொதுவாகச் சொன்ன கோபத்தை ஆணையத்தின் உத்தரவு ஒரே வாக்கியத்தில் கடந்துவிடும். எண் போட்டுக் கேட்ட கேள்விக்கு எண் போட்டுத்தான் பதில் எழுத வேண்டியிருக்கும், எழுதாவிட்டால் மேல்முறையீட்டில் அதுவே நம் பிடி.

கட்டணம் அறிவித்ததோடு மனு முடிவதும் இல்லை. மதிப்பிட்ட செலவுக்கும் உண்மையில் ஆன செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்ட, ஓரிரு ஆண்டுகள் கழித்து இன்னொரு விசாரணை வரும். செய்யப்போவதாகச் சொல்லி வசூலித்து, செய்யாமல் விட்ட பணிகளின் பணம் கட்டணத்தில் கழித்துத் திரும்ப வர வேண்டிய இடம் அது. அங்கே நிறுவனத்தின் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், நுகர்வோர் பக்க நாற்காலிகள்தான் காலியாக இருக்கும். உயர்வு அறிவிப்பு வரும்போது வருபவர்களில் பாதிப் பேர், முன்பு எழுதிக் கொடுத்த அந்த ஒரு பக்கத்தோடு இதற்கும் வந்தால் போதும்.