நாட்டு மருந்துக் கடைத் தராசுக்கும் முத்திரை வேண்டும்

மேலூர்ப் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார் என் சித்தி மகன். திரிகடுகச் சூரணம், கடுக்காய்ப் பொடி, அதிமதுரம் எல்லாம் நிறுத்துக் கொடுப்பது அவருடைய அப்பா காலத்துப் பித்தளைத் தராசில். பக்கத்திலேயே ஆன்லைனில் வாங்கிய சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்றும் இருக்கிறது. "அஞ்சு கிராம், பத்து கிராம் நிறுக்கிறதுக்கெல்லாம் முத்திரை போடணுமாண்ணே?" என்று கேட்டார்.

போட வேண்டும். இரண்டுக்குமே.

சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 என்பது இதற்கான சட்டம். 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எடை எவ்வளவு சிறியது என்று சட்டம் பார்ப்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளை நிறுத்துக் கொடுத்தால், அந்தத் தராசும் எடைக்கல்லும் அரசு ஆய்வாளர் சோதித்து முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். வீட்டில் முறுக்கு மாவு அளக்க வைத்திருக்கும் தராசுக்கு இது பொருந்தாது. அதே தராசைக் கொண்டுவந்து கடையில் வைத்து வியாபாரம் செய்தால் பொருந்தும். தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. பலர் தாலுகா ஆபீஸுக்கும் நகராட்சிக்கும் அலைகிறார்கள்; போக வேண்டியது தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு, அங்கே முத்திரை ஆய்வாளரைப் பார்க்க.

பலரும் தடுமாறுவது காலக்கெடுவில். எடைக்கல், விட்டத் தராசு (கோலின் இரு முனையிலும் தட்டுத் தொங்கும் பழைய வகை), லிட்டர் படி, மீட்டர் கோல் இவற்றுக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும். ஒரே கடையில் இரண்டும் இருந்தால், பழைய தராசின் கணக்கைப் புதியதற்கும் போட்டுக்கொண்டு இரண்டாம் ஆண்டு மாட்டிக்கொள்கிறார்கள். கெடு தாண்டிப் போனால், தாமதமான ஒவ்வொரு காலாண்டுக்கும் வழக்கமான கட்டணத்தில் பாதி கூடுதலாகக் கட்ட வேண்டும். சிறு தராசுக்கு அடிப்படைக் கட்டணம் பெரிதல்ல, தள்ளிப்போடுவதுதான் செலவு. ஆய்வாளர்கள் சில ஊர்களில் முத்திரை முகாம் நடத்துவதும் உண்டு. அதற்கு மதுரை வரை தராசைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

முத்திரை எங்கே இருக்கும்? இரும்பு எடைக்கல்லில் ஒரு குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். அந்த ஈயத்தின் மேல்தான் ஆய்வாளரின் அடையாள எண்ணும், ஆண்டும், எந்தக் காலாண்டு என்பதைக் காட்டும் எழுத்தும் அடித்திருக்கும். ஈயம் பெயர்ந்து போயிருந்தால் அந்தக் கல் எடையிலும் குறைந்துவிட்டது, முத்திரையும் போய்விட்டது. கல்லுக்குப் பதில் கருங்கல் துண்டு, போல்ட் நட்டு வைத்து நிறுப்பது அறவே கூடாது. சோதித்ததற்கான சான்றிதழைக் கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும், பீரோவுக்குள் பூட்டி வைப்பதற்கல்ல அது. கடையில் விட்டத் தராசைக் கையில் தூக்கிப் பிடித்து நிறுக்கவும் கூடாது. ஸ்டாண்டிலோ சங்கிலியிலோ கொக்கி போட்டுத் தொங்கவிட வேண்டும். தெருத்தெருவாகப் போய் விற்பவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். முத்திரை என்பது அந்த ஒரு நாளில் தராசு சரியாக இருந்தது என்பதற்குச் சாட்சி. மற்ற நாட்களில் அதைச் சரியாக வைத்திருப்பது கடைக்காரர் பொறுப்பு. பொடி நிறுக்கிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். வெங்காயத்தில் 2 கிராம் கூடினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மருந்துப் பொடியில் 10 கிராமுக்கு 2 கிராம் என்பது ஐந்தில் ஒரு பங்கு.

காலையில் கடை திறந்ததும் இரண்டு தட்டையும் துடைத்துவிட்டு, தராசை வெறுமனே விட்டுப் பாருங்கள். முள் நடுவில் நிற்க வேண்டும். தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பொடியும் எண்ணெய்ப் பிசுக்கும்கூட முள்ளைச் சாய்க்கும். அப்புறம் மின்விசிறி. அது ஓடும்போது சின்னத் தராசில் நிறுப்பது வீண் வேலை. காற்று தட்டை அழுத்தும், பொடியையும் கொண்டுபோகும். நிறுக்கிற நேரம் விசிறியை அணைத்துவிடுங்கள். முள் ஆடி அடங்கும்வரை பொறுக்கவும் வேண்டும்.

வெறும் தராசு நேராக நின்றுவிட்டது, எனவே சரி என்று நினைத்தால் அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கோலின் ஒரு கை மற்றதைவிட ஒரு நூல் நீளமாக இருந்தாலும், தட்டுகளின் எடையைக் கொண்டு அதை மறைத்துவிடலாம். வெறுமனே பார்த்தால் முள் நடுவில்தான் நிற்கும், சரக்கு வைத்தால் பொய் சொல்லும். இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். சரக்கை இடது தட்டில் வைத்து நிறுங்கள். பிறகு சரக்கையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்து மறுபடி நிறுங்கள். இரண்டு முறையும் ஒரே எடை வந்தால் கைகள் சமம். ஒரு பக்கம் 980 கிராம், மறுபக்கம் 1020 கிராம் என்று வந்தால் உண்மையான எடை கிட்டத்தட்ட நடுவில், அதாவது 1 கிலோ. ஒரே பக்கம் வைத்து நிறுக்கும்வரை 20 கிராம் யாரோ ஒருவருக்கு நஷ்டம்.

என் தம்பியின் பித்தளைத் தராசு இந்தச் சோதனையில் தோற்றது. அவர் முகம் வாடிவிட்டது, அப்பா நிறுத்த தராசாயிற்றே. ஏமாற்று எதுவும் இல்லை. நடுவில் கோல் உட்காரும் கத்திமுனை தேய்ந்து ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. இதைத் தானே அரத்தால் தேய்த்துச் சரிசெய்யக் கூடாது. எடையளவு பழுதுபார்க்க உரிமம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். பழுது பார்த்த தராசுக்குப் பழைய முத்திரையின் கெடு மிச்சம் இருந்தாலும் மறுபடி முத்திரை வாங்கிவிட்டுத்தான் கடையில் வைக்கலாம்.

அந்த ஆன்லைன் தராசுக்கு வழியே இல்லை. கடையில் பயன்படுத்தும் தராசு, மாதிரி ஒப்புதல் பெற்ற வகையாக, அதாவது அந்த மாடலைச் சோதித்து அரசு ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும். உரிமம் உள்ள விற்பனையாளரிடம் வாங்க வேண்டும். சமையலறைக்கென்று விற்கும் மலிவுத் தராசுக்கு அந்த ஒப்புதல் இருக்காது, ஆய்வாளர் முத்திரையும் போட மாட்டார். அதைத் தம்பி தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

வாங்குகிறவர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. முத்திரையைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, அது சண்டை இல்லை. மாட்டுத்தாவணியில் முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறிக் கிடக்கும்போது 100 கிராமில் 10 கிராம் குறைந்தால் அது சின்னக் காசு இல்லை. பூவைக் கொண்டுவந்து போடுகிற விவசாயிக்கும் அதே கணக்குத்தான். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. அங்கே விற்கும் விவசாயிக்குத் தராசை சந்தை நிர்வாகமே இலவசமாகக் கொடுக்கிறது. அதிலும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

எடை குறைந்ததாகச் சந்தேகம் வந்தால், பொருளைப் பிரிக்காமல் முத்திரை உள்ள வேறொரு தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீது, கடையின் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றோடு தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்தாகப் புகார் கொடுக்கலாம். நேரில் போக முடியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.