வேன் சோலார்: இன்வெர்ட்டர் கத்தினால் பேட்டரியைத் திட்டாதீர்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் பழைய டெம்போ டிராவலரை வாங்கி, படுக்கை, அடுப்பு வைத்து ஊர் சுற்றும் வேனாக மாற்றுகிறவர்கள் சோலார் வேலைக்கு வந்ததும் கேட்பது, "எத்தனை வாட் பேனல் போடலாம் அண்ணே?" வயர் என்ன சைஸ் என்று யாரும் கேட்பதில்லை. நான் பயப்படுவது அந்த வயருக்குத்தான்.

அடிக்கடி வரும் புகார் இது. கெட்டில் போட்டதும் இன்வெர்ட்டர் 'கீ கீ' என்று கத்தி நின்றுவிடும். பேட்டரி போச்சு என்று யாராவது சொல்ல, புதுசு மாற்றியிருப்பார்கள். திரும்பவும் அதே கதை. பலகையைக் கழற்றினால் பேட்டரி வண்டியின் பின்பக்கம், இன்வெர்ட்டர் முன்பக்கம், நடுவே 3 மீட்டருக்கு 6 ஸ்கொயர் எம்எம் வயர். வயர் நுனியில் மாட்டும் செம்புக் காதான லக் பக்கம் உறை இளகிப் பழுப்பேறியிருக்கும்.

"வீட்டு ஏசிக்கே இது தாங்குதே" என்பார்கள். வீட்டில் 230 வோல்ட். 1000 வாட் கெட்டிலுக்கு நாலரை ஆம்பியர்கூட ஓடாது. வேனில் பேட்டரி 12 வோல்ட்தான்; அதே கெட்டிலுக்கு, இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால், 90 ஆம்பியரைத் தாண்டும். போக வர 6 மீட்டர் வயரிலேயே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் கரைந்துபோகும். அது சுமார் 150 வாட் சூடாகி உங்கள் மெத்தைக்கு அடியில் இறங்குகிறது. இன்வெர்ட்டருக்குப் பத்தரை வோல்ட்கூட வந்து சேராது. கத்தாமல் என்ன செய்யும்?

இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் கொண்டுவாருங்கள். 35 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் போடுங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து அரை அடிக்குள் 125 ஆம்பியர் டிசி (பேட்டரி தரும் நேர்திசை மின்சாரம்) ஃபியூஸ் கட்டாயம். வீட்டு மெயின் போர்டில் தானாக விழும் சுவிட்சான எம்சிபி இங்கே உதவாது. வீட்டுக்கு வரும் ஏசி (மாறுதிசை) மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணைகிறது. டிசி அப்படித் தொடாது, எம்சிபி விழுந்த பிறகும் உள்ளே எரிந்துகொண்டிருக்கலாம்.

தேவனாம்பட்டினம் கடற்கரையோரம் ராத்திரி வண்டியைப் போட்டுத் தூங்குவது சுகம்தான். ஆனால் உப்புக் காற்றில் செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, இறுக்கிய லக்கும் சூடேறும். வெள்ளீயம் பூசிய வயரும், லக் மேல் சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும் போட்டால் பல வருஷம் தாங்கும்.

வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும், ஆசிட் ஊற்றிய டியூபுலர் பேட்டரியை வேனுக்குள் ஏற்றாதீர்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்க ஒரு பொறி போதும். பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் உள் சர்க்யூட்) உள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்குங்கள்.

பேனல்? கூரையில் படுக்கையாக 200 வாட் போட்டால் நல்ல வெயில் நாளில் 700, 800 வாட்-அவர் வரும். ராத்திரி முழுக்க கரண்ட் குறைவாக இழுக்கும் ஒரு பிஎல்டிசி ஃபேனுக்கும் சின்ன 12 வோல்ட் ஃப்ரிட்ஜுக்கும் சரியாக இருக்கும். ஏசி ஆசையை விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பேனலை நம்ப முடியாது. வண்டி எஞ்சின் ஓட்டும் ஆல்டர்னேட்டரிலிருந்து இந்தப் பேட்டரியை ஏற்ற, டிசி-டிசி சார்ஜர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் கெட்டிலை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் வோல்ட் பாருங்கள். வித்தியாசம் 0.3-ஐத் தாண்டினால் பணத்தின் பாக்கியைக் கொடுக்காதீர்கள்.