ஜன்னல் ஆறடி என்றால் துணியும் ஆறடிதானா?

நகரியில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் என்னிடம் அண்மையில் வந்த ஓர் அம்மா, ஆறடி ஜன்னலுக்கு ஆறடித் துணியையே கிழித்து வாங்கிவந்து, கொசுவம் கொசுவமாக விழவேண்டும் என்றார். கிழித்த துணியைக் கடையில் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள். இப்படி வருபவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

மடிப்பு தையல்காரரின் கைவித்தை அன்று. அது மிகுதித் துணி. ஐந்தரை மீட்டர் இருப்பதால்தான் புடவையில் கொசுவம் வருகிறது, துண்டைக் கட்டினால் வராது. அளக்க வேண்டியது ஜன்னலை அன்று, திரை மாட்டும் கம்பியை. துணியின் அகலம் கம்பியைப் போல் இரண்டு மடங்காவது வேண்டும். கம்பி 72 அங்குலம் என்றால் 144 அங்குலம். 48 அங்குலப் பன்னாவில், அதாவது அந்த அகலமுள்ள துணியில், மூன்று பாகம். தரைவரை 84 அங்குல உயரம், மேலும் கீழும் மடித்துத் தைக்க 12 அங்குலம், ஆக ஒரு பாகம் 96 அங்குலம். மூன்றுக்கும் சேர்த்து எட்டு கஜம் ஆகும். பெரிய பூ வேலைப்பாடு என்றால், பூவோடு பூ பொருந்த இன்னும் கூடும். ஒன்றரை மடங்கில் முடித்துவிடலாம் என்று விற்பவர் சொன்னால், திரையை மூடியதும் அது போர்வையைக் காயப்போட்டது போலத் தட்டையாக நிற்கும். (மூன்றாம் பாகத்தை நெடுக்கில் இரண்டாக வெட்டி, ஒட்டுத்தையல் சுவரோரமாக வரும்படி இரு பக்கமும் சேர்ப்பதே எங்கள் வழக்கம்.)

கீழ்க்கரையை நான்கு அங்குலம் இரட்டையாக மடிக்கச் சொன்னால் வீண் செலவு என்கிறார்கள். ஆந்திரத்தின் பழைய பௌத்தச் சிற்பக்கலையான அமராவதிப் பாணியில் நிற்கும் புத்தர் சிலைகளின் ஆடையைக் கவனியுங்கள்: மேலே கோடுகளாக ஓடும் மெல்லிய மடிப்புகள், அடியிலோ தடித்துச் சுருண்ட கரை. கீழே கனம் இருந்தால்தான் துணி நேராகத் தொங்கும் என்பது அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது.

எல்லாத் துணிக்கும் மடிப்பு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். காளஹஸ்திக் கலம்காரியைக் கொண்டுவந்து ஜன்னலுக்குக் கொசுவம் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. கோயில்களில் கதை சொல்லத் தொங்கவிடுவதற்காக, கடுக்காயும் பாலும் ஊட்டிய பருத்தித் துணியில் மூங்கில் எழுதுகோலால் தீட்டிய ஓவியம் அது; மடித்தால் இராமர் ஒரு மடிப்பிலும் வில் இன்னொரு மடிப்பிலும் போய்விடும். தயவுசெய்து அதை விரித்தபடி, வெயில் படாத உள்சுவரில் மாட்டுங்கள். மேற்கு ஜன்னலில் அந்தச் சாயம் வெளுத்துவிடும்.

பருத்தி என்றால் வெட்டுமுன் நனைத்துக் காயவையுங்கள். மேற்கு ஜன்னலுக்கு லைனிங் இல்லாமல் தைக்கச் சொல்லாதீர்கள். விளக்கு எரியும் பூஜை மாடத்துக்கும் அடுப்போர ஜன்னலுக்கும் பாலியெஸ்டர் திரை வேண்டவே வேண்டாம். தீப்பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பியை மாட்டிய பிறகு இரும்பு டேப்பால் அளந்து, அந்த அளவோடு முதலில் தையல்காரரிடம் வாருங்கள். துணிக்கடைக்குப் பிறகு போகலாம்.