கடைசிப் பாட்டு முடிந்த பிறகு

பெண்களிடம் விடும் இரவு நேரச் சேட்டை என்றதும் ஆளில்லாத ஒழுங்கைதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஒழுங்கையும் உண்டுதான். ஆனால் எவரும் கவனிக்காமல் விடுவது, திருவிழா இன்னிசை இரவு முடிந்து சனம் கலையும் அந்தக் கால் மணித்தியாலத்தை. கடைசிப் பாட்டு ஓய்ந்ததும் ஒலி ஒளிக்காரர் வயரைச் சுருட்டத் தொடங்குவார். பாதி வெளிச்சம் போய்விடும். இருக்கிற ஒரே வாசலை நோக்கி எல்லோரும் ஒரேயடியாக எழும்புவார்கள். தெரியாமல் கை பட்டதா, வேண்டுமென்றே பட்டதா என்று அந்த நெரிசலில் யார் சொல்வது? சேட்டை விடுகிறவன் காத்திருப்பதே இதற்குத்தான்.

ஆகவே பெட்டையளுக்குப் புத்தி சொல்ல முதல், நிர்வாக சபை ஜெனரேட்டர்காரருடன் கதைக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்து 30 நிமிடம் விளக்குகள் எரிய வேண்டும் என்று வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள்; அன்றிரவு கேட்டால் டீசல் கணக்குச் சொல்வார். குறைந்தது இரண்டு வாசல் வேண்டும். இரண்டுக்கும் முன்னால் கச்சான்கடையோ மோட்டார்சைக்கிளோ நிற்கக் கூடாது. ஒலிபெருக்கியில் மெல்லிய பாட்டைப் போட்டு, வாசலுக்குக் கிட்ட இருப்பவர்களை முதலில் வெளிக்கிடச் சொல்லுங்கள். 2024 பெப்ரவரியில் யாழ். முற்றவெளி மைதான இசை நிகழ்ச்சியில் சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்களுக்கு, வெறும் தடுப்பு எவ்வளவு தாங்கும் என்று விளக்கத் தேவையில்லை. பெண்கள் மலசலகூடத்தை மேடைக்குப் பின்னால் இருட்டில் வைப்பது இன்னொரு வழமையான பிழை. அதற்குப் போகும் பாதைக்கும் ஒரு விளக்குப் போடுங்கள்.

தொண்டர்கள் இருவர் இருவராக, ஒரு பெண்ணும் ஓர் ஆணுமாக நிற்கட்டும். பச்சை ரீசேட் போட்டு மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றால் பிரயோசனமில்லை. முதுகு மேடைக்கு, முகம் சனத்துக்கு. கச்சான் விற்கும் ஆச்சியிடமும் தொண்டர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள். கடைசி ஆள் போகும்வரை இருப்பவரும், யார் எத்தனை தரம் சுற்றி வந்தான் என்று அறிந்தவரும் அவர்தான்.

ஒருவன் ஒரு பிள்ளையைத் தொடர்ந்து வந்தால், அவனோடு சண்டைக்குப் போகாமல் அவளிடம் போங்கள். "தங்கச்சி, அம்மா அங்கால தேடுறா, வாங்கோ" என்றால் போதும். அவள் உங்களைத் தெரியாது என்று முழித்தாலும் பரவாயில்லை, வெளிச்சத்துக்கு வந்தபின் விளக்கலாம். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "ஏன் தனிய வந்தனீங்கள்?" என்று கேட்கவே வேண்டாம், அந்தக் கேள்வியோடு அவள் வாய் மூடிவிடும். அவனைப் பிடித்து அடித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும், அவளுடைய முறைப்பாடு பின்னுக்குப் போய்விடும். உடுப்பின் நிறம், நேரம், நின்ற இடம், வாகன இலக்கம் ஆகியவற்றை ஒரு துண்டில் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுத்தால் அது அவளுடையது. அவளைக் கேட்காமல் வைபரில்கூட அனுப்பாதீர்கள்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவுக்கு 5 வருடம் வரை சிறையோ தண்டப்பணமோ இரண்டுமோ விதிக்கலாம். தொட்டால்தான் குற்றம் என்றில்லை, சொல்லும் அதில் அடங்கும். ஆனாலும் ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் தொந்தரவுக்கு ஆளானதாக 90 வீதமான பெண்கள் சொன்னார்கள். பொலிஸை நாடியவர்கள் 4 வீதம். "ஊர் என்ன கதைக்கும்" என்ற பயம் அவ்வளவு. அவசரத்துக்கு 119, பெண்களுக்கான உதவிக்கு 1938, சிறுவர் என்றால் 1929. முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசித்துப் பார்த்தபின் கையெழுத்து வைத்து, முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வன்புணர்வு நடந்திருந்தால் குளிக்க வேண்டாம், உடுப்பைத் தோய்க்க வேண்டாம். ஒவ்வோர் உடுப்பையும் தனித்தனிக் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் நின்று பூஞ்சணம் பிடித்தால் மரபணுத் தடயம் கெட்டுவிடும். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையும் எச்ஐவி தடுப்பு மருந்தும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டியவை, முந்தினால் இன்னும் நல்லது. பொலிஸுக்குப் போவதா இல்லையா என்று வீட்டில் முடிவெடுக்கும்வரை மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். அவள் தனியே போகாமல், அவள் நம்பும் ஒருவர் கூடப் போகட்டும். மாற்று உடுப்பு ஒன்றும் கொண்டு போங்கள். போட்டிருப்பதை அங்கே கழற்றிக் கொடுக்க வேண்டி வரும்.