மரச்சீனிக்குச் சாளைக்கறியா, கட்டன் சாயாவா? மூளைக்கு இது வேறு கணக்கு

குமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் காலையில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்தால் கூட்டு இரண்டு வகை. காந்தாரி மிளகாய் சதைத்து, ஒரு கட்டன் சாயா (பால் விடாத தேநீர்). அல்லது சாளைக்கறி, அதாவது மத்திமீன் குழம்பு. வயிறு இரண்டிலும் நிறையும். மூளைக்குள் நடப்பதுதான் வேறு.

200 கிராம் கிழங்கில் மாவுச்சத்து 60 கிராமுக்கு மேல். புரதம் 3 கிராம்கூடத் தேறாது. மாவு குடலில் குளுக்கோஸாகிறது. ஒரு பெரியவரின் 5 லிட்டர் இரத்தத்தில் வெறும் வயிற்றில் ஓடும் குளுக்கோஸோ மொத்தமே 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டிச் சீனி அளவு. அதில் இவ்வளவு வந்து சேர்ந்தால் கணையம் சும்மா இருக்காது, இன்சுலினைச் சுரக்கும்.

மூளை நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது. அதை உள்ளே எடுக்க இன்சுலின் வேண்டியதில்லை. இன்சுலினின் வேலை தசையில். லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற அமினோ அமிலங்களை, அதாவது புரதத்தின் துண்டுகளை, தசைக்குள் அது அனுப்பிவிடும். டிரிப்டோபான் என்ற இன்னொரு அமினோ அமிலம் மட்டும் பெரும்பாலும் ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு இரத்தத்திலேயே நிற்கும். மூளைக்குள் நுழைய இவை எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை சோதனைச்சாவடியில் லாரிகள் ஒதுங்கினால் ஆட்டோ நுழைந்துவிடுவதுபோல டிரிப்டோபான் உள்ளே போகிறது. அங்கே அது, மனநிலையிலும் தூக்கத்திலும் பங்குள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் ஆகிறது.

சாளை சேர்ந்தால்? 100 கிராம் மீனில் 20 கிராமை ஒட்டிப் புரதம். அதில் டிரிப்டோபான் நூற்றில் ஒரு பங்குபோல. மீதியில் அதன் போட்டியாளர்களே அதிகம். வாசலில் மறுபடி நெரிசல். ஆகவே 'டிரிப்டோபான் உள்ள உணவைத் தின்றால் செரட்டோனின் கூடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தலைகீழ்ப் பாடம். ஏத்தன் (நேந்திரம்) பழத்தில் செரட்டோனினே இருக்கிறது. ஆனால் மூளைக்குள் அது நுழையாது.

சாப்பிட்டபின் கண் சொக்குவதற்குச் செரட்டோனினை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் நம்மை விழிப்பாக வைக்கும் ஓரெக்சின் நரம்பணுக்களைக் குளுக்கோஸ் அடக்குகிறது, அமினோ அமிலங்கள் தூண்டுகின்றன என்பது எலிகளில் தெரிந்திருக்கிறது. மத்தியானம் 2 மணிவாக்கில் வரும் தூக்கமோ பட்டினி கிடந்தாலும் வரும். அது உடல் கடிகாரம்.

கிழங்கைப் பாதியாக்கி, மீனையோ பயறையோ முதலில் தின்று, 10 நிமிடம் விட்டுக் கிழங்கைத் தொட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவதுதான் மூளைக்கு உடனடி ஆபத்து. சர்க்கரை நோய்க்கான கிளிமெபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போய், காலைச் சாப்பாடு பிந்தினால் இது நடக்கும். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு: அது அட்ரினலின். 54-க்குக் கீழே மூளையே பட்டினி; பேச்சு குழறும், காரணமில்லாத கோபம் வரும். குடித்திருக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துவிடுவதும் உண்டு.

15 கிராம் சீனி, அதாவது தலைதட்டிய 3 தேக்கரண்டி, தண்ணீரில் கலக்கிக் கொடுத்து 15 நிமிடம் பொறுத்துச் சோதிக்க வேண்டும். 70 எட்டவில்லையென்றால் இன்னொரு தடவை. சாக்லேட் வேண்டாம், கொழுப்பு தாமதப்படுத்தும். வோக்லிபோஸ் என்ற சர்க்கரை மாத்திரையும் எடுக்கிறவருக்குச் சீனி மெதுவாகத்தான் உடையும். குளுக்கோஸ் பொடியே வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும்.