ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி வருமா? கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். மயக்கம் தெளிந்ததும் குமட்டல் ஆரம்பித்துவிடும். முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இந்தத் தொல்லை வருகிறது. புதுத் தையல் போட்ட வயிறு இழுத்துப் பிடிக்கப் பிடிக்க வாந்தி எடுப்பது கொடுமை. இதைச் சின்ன விஷயமாக ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

யாருக்கு வரும் என்று கணிக்க, கிறிஸ்டியன் ஆப்ஃபெல் என்ற மயக்கவியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1999-இல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். நோயாளி பெண்ணா? புகைபிடிக்காதவரா? பஸ்ஸில் போனால் வாந்தி வருமா, அல்லது முந்தைய ஆபரேஷனில் வந்ததா? ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுமா? நான்குக்கும் ‘இல்லை’ என்றால் வாய்ப்பு சுமார் 10 சதவீதம், நான்குக்கும் ‘ஆம்’ என்றால் சுமார் 80. உலகம் முழுக்க இன்றும் இதுதான் புழக்கத்தில் இருக்கிறது. அதனால் மயக்க மருத்துவர் விசாரிக்க வரும்போது பஸ் வாந்தியைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, இந்தக் கேள்விகள் எல்லாம் தியேட்டருக்குள் போவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. உள்ளே உடம்புக்கு என்ன நடக்கிறது என்பது இவற்றில் வராது. கண் உதவக்கூடியது அங்கேதான்.

லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கர்ப்பப்பையை எடுக்கும் சிகிச்சையைப் பாருங்கள். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, தலை கீழே இறங்கும்படி மேசையைச் சாய்ப்பார்கள். வயிற்றின் அழுத்தமும் சாய்வும் சேர்ந்து, தலையிலிருந்து ரத்தம் இறங்குவதைத் தடுக்கின்றன. ரத்தத்தில் கலக்கும் கார்பன் டை ஆக்சைடு மூளையின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. விளைவு, மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் கூடினால் குமட்டலும் வாந்தியும் வரலாம் என்பது மருத்துவத்தில் பழைய பாடம்.

மண்டையைத் திறக்காமல் அழுத்தத்தை எப்படி அறிவது? பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறை, மூளையை மூடியிருக்கும் சவ்வின் தொடர்ச்சி. மூளையைச் சுற்றியுள்ள நீர் அந்த உறைக்குள்ளும் இருக்கிறது. அழுத்தம் ஏறினால், சைக்கிள் ட்யூபில் காற்று ஏறுவதுபோல் உறை உப்புகிறது. மூடிய இமைமேல் ஜெல் தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியை அழுத்தாமல் வைத்து, கண்விழிக்கு 3 மில்லிமீட்டர் பின்னால் உறையின் அகலத்தை அளக்கிறார்கள். உறை அதிகம் நெகிழும் இடம் அதுதான். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 5 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சிகிச்சையின் நடுவே அகலம் கூடிக்கொண்டே போனால், சாய்வைக் குறைக்கலாம், வாயு அழுத்தத்தை இறக்கலாம், கண் விழிக்கும் முன்பே ஒண்டான்செட்ரான் போன்ற வாந்தித் தடுப்பு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

அப்புறம், கண்ணின் பாவை, அதாவது நடுவில் தெரியும் கறுப்பு வட்டம். மார்ஃபின் வகை மருந்துகள் மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் பகுதியைக் கிளறிவிடுகின்றன. அதே மருந்துகள் பாவையையும் சுருக்குகின்றன. மயக்கத்தில் இருப்பவருக்குக்கூட வலி தூண்டல் பட்டால் பாவை விரியும். அகச்சிவப்புக் கருவியால் அளந்து, விரியவில்லை என்று தெரிந்தால், மேலும் மருந்து ஏற்றுவதைத் தவிர்க்கலாம். அந்த மருந்து எவ்வளவு குறைகிறதோ, குமட்டலும் அவ்வளவு குறைய வாய்ப்பு உண்டு.

உறை அளவீடு இன்னும் அன்றாட வழக்கமாகிவிடவில்லை. வாந்திக்கு மண்டை அழுத்தம் ஒரே காரணமில்லை. குடல், உள்காது, மருந்துகள் என்று பல வழிகளில் அது கிளம்புகிறது. ஆளுக்கு ஆள் உறையின் அகலமும் மாறும். அதனால் ஒருவரின் தொடக்க அளவை முதலிலேயே எடுத்து வைத்து, அதோடு ஒப்பிடுவதுதான் சரி. முடிவை மாற்றக்கூடிய வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். கருவியைப் பிடிக்கும் கை கொஞ்சம் சாய்ந்தாலே அவ்வளவு பிழை வந்துவிடும்.